கொட்டாஞ்சேனையில் பிறந்த சிங்களத் திரை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கிங்ஸ்லி என்றொரு படமாளிகை இருந்தது. 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி அங்கே ‘கடவுணு பொறொந்துவ’ என்னும் திரைப்படம் முதன்முதலாகக் காண்பிக்கப்பட்டது. ‘மீறப்பட்ட வாக்கு’ என்று அத்தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். சிங்களம் பேசிய முதற் படம் அதுதான். தமிழர் செறிந்து வாழும் ஒரு பகுதியிலே சிங்களத் திரை பிறந்தது என்பது சுவையான செய்தி. அந்தப் படத்தை யார் யார் உருவாக்கினார்கள் என்று பார்த்தால் சுவை இன்னும் கூடும்.

கதை, பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதி, மினர்வா நாடகக் குழுவினர் மேடையேற்றி வந்த சிங்கள நாடகம். அதைப் படமாக்க முதலீடு செய்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் தயாரான இடம் மதுரையிலிருந்த அவருடைய சித்ரகலா மூவிடோன் கலையகம். நெறியாண்டவர் ஜோதிஷ் சிங் என்ற இந்தியர். இசையமைத்தவர் நாராயண ஐயர். கதாநாயகி ருக்மணி தேவி. அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ்.

இப்படி ஒரு பட்டியலைக் கேட்டதும் இருவகையான எண்ணங்கள் எழுவது வழக்கம். “பார்த்தீர்களா, எல்லாம் நாம் கொடுத்ததுதான்” என்பது ஒன்று. “கலைக்கு ஏது இனமும் மொழியும்” என்பது மற்றது. முன்னையது வீண் பெருமை. பின்னையது எளிதாகச் சொல்லிவிடக்கூடிய ஆறுதல். இவ்விரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த நாட்டின் இரு மொழியினரும் பொதுக் கலைகளை உண்மையில் எவ்வாறு பகிர்ந்துகொண்டார்கள், அந்தப் பகிர்வு எதைத் தாங்கியது, எதைத் தாங்கவில்லை என்பதை இன்று நோக்கலாம்.

முதலில் ஏன் மதுரை என்ற கேள்வி. விடை எளிது. அந்நாளில் இலங்கையில் பேசும் படம் எடுப்பதற்கான கலையகமோ, ஒலிப்பதிவுக் கருவிகளோ, பயிற்சி பெற்ற கலைஞர்களோ இருக்கவில்லை. சென்னை, சேலம், கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் அவை இருந்தன. தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினால் அப்பால் ரயில் இருந்தது. 1947இலேயே வெளியான இரண்டாவது சிங்களப் படமான ‘அசோகமாலா’ கோயம்புத்தூரில் உருவாயிற்று. துட்டகைமுனுவின் மகன் சாலியனின் காதற் கதையைக் கூறும் அந்தப் படம் சிங்கள மக்களின் வரலாற்று நினைவில் ஆழமாக ஊன்றிய விடயத்தை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கதைக்கும் கருவிகள் தென்னிந்தியாவிலிருந்தே கிடைத்தன. பிற்பாடு நாயகம் கந்தானையில் ஒரு கலையகத்தை நிறுவினார். சிங்களப் படங்கள் தயாரான அந்தக் கலையகத்துக்கு அவர் இட்ட பெயர் ஸ்ரீ முருகன் நவகலா.

ருக்மணி தேவியின் கதை தனியே சொல்லப்பட வேண்டியது. 1923இல் நுவரெலியாவை அடுத்த ரம்பொடையில் பிறந்தவர். கிறிஸ்தவர், கொழும்புச் செட்டிக் குடும்பத்தினர். தமிழகக் கரையிலிருந்து வணிகத்துக்காக வந்து கொழும்பிலும் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலும் குடியேறிய சமூகம் கொழும்புச் செட்டிகள். கொட்டாஞ்சேனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். ‘தமிழ் புளூட்டாக்’ எழுதித் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துத் தந்த சைமன் காசிச்செட்டி இச்சமூகத்தவரே. காலப்போக்கில் இவர்களிற் பலர் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாறினர். தமிழர் என்ற தலைப்பின் கீழ்த் தம்மை எண்ணலாகாது, தாம் தனியினம் என்று கூறுவோரும் அவர்களிடையே உண்டு. ஒரே சமூகம் ஒரு நூற்றாண்டில் தமிழ்ப் புலவர் வரலாற்றாசிரியரைத் தந்து, அடுத்த நூற்றாண்டிற் சிங்களத் திரையின் முதல் நாயகியைத் தருகிறது. அடையாளம் என்பது பிறப்போடு முடிந்துபோகும் விடயமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தப் பெண் இளம் வயதிலேயே பாடத் தொடங்கி இசைத்தட்டுகள் மூலம் புகழ் பெற்றார். கிறிஸ்தவப் பெண் பாடிய அந்தத் தொடக்ககாலப் பாடல்களிற் புத்தகயாவைப் போற்றும் பாடலும் ஒன்று. சக நடிகர் எடி ஜயமான்னவை மணந்தார். 1978 அக்டோபர் 28ஆம் திகதி வாகன விபத்தொன்றில் இறந்தபோது நாடு முழுவதும் அவருக்காக அழுதது. ராசம்மா என்ற பெயர் அந்த அழுகையிற் பெரும்பாலும் கேட்கவில்லை. மேடைக்குப் பெயர் மாற்றுவது எங்கும் உள்ள வழக்கம்தான். அதை வஞ்சகம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு பண்பாட்டுப் பகிர்வில் ஒரு தரப்பின் பெயர் மெல்ல மெல்ல அழிந்துவிடுமானால், அடுத்த தலைமுறைக்கு அது பகிர்வு என்றே தெரியாமற் போய்விடும். இதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

வெசாக் காலத்தில் ஒரு மாலைப்பொழுது தெஹிவளையிலிருந்து களுபோவிலைப் பக்கம் நடந்து பாருங்கள். தோரணங்களும் வெசாக் கூடுகளும் ஒளிர, ஒலிபெருக்கிகளில் வரும் பௌத்த பக்திப் பாடல்களுக்கிடையே கம்பீரமான ஒரு குரல் கேட்கும். அது முகைதீன் பேக்கின் குரல். 1919இல் சேலத்தில் பிறந்து, இளம் பிராயத்தில் இலங்கைக்கு வந்த முஸ்லிம் அவர். ‘அசோகமாலா’வில் தொடங்கி நூற்றுக்கணக்கான சிங்களப் பாடல்களைப் பாடினார். 1991இல் மறைந்தார். அவருடைய குரலின்றி வெசாக் கொண்டாட்டத்தைக் கற்பனை செய்ய முடியாது என்று சிங்களவர்களே சொல்வார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி 1950களிலிருந்து சிங்களத் திரையிசைக்கு ஆற்றிய தொண்டும் அத்தகையது. சிங்களச் செவிகளுக்கு இனிய மெட்டுகள் எவை என்பதை வரையறுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

முதலீட்டுத் துறையில் மறக்க முடியாத பெயர் கே. குணரத்தினம். சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தின் தலைவர். 1953இல் அவர் தயாரித்த ‘சுஜாதா’ பெரும் வெற்றி பெற்று, சிங்கள ஜனரஞ்சகப் படத்துக்கு ஒரு வாய்பாட்டையே வகுத்துக் கொடுத்தது. அது ஓர் இந்திப் படத்தின் தழுவல். அதே குணரத்தினம்தான் 1960இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் நெறியாள்கையில் ‘சந்தேசய’ என்ற படத்தையும் தயாரித்தார். போர்த்துக்கேயரை எதிர்த்த மக்களின் கதை அது. ஹெந்தளையில் அவர் அமைத்த விஜயா கலையகம் சிங்களத் திரையுலகின் முக்கிய தளங்களில் ஒன்றாக விளங்கியது.

இங்கே ஒரு கேள்வி எழும். இத்தனை தமிழ் முதலீடும் தமிழ்த் திறமையும் இருந்தும், இலங்கையில் ஒரு தமிழ்ப் படம் ஏன் வரவில்லை? காரணம் சந்தை. இலங்கைத் தமிழ் இரசிகர்களுக்குச் சென்னையிலிருந்து படங்கள் தாராளமாக வந்துகொண்டிருந்தன. எம். ஜி. ஆரையும் சிவாஜியையும் எதிர்த்து நிற்கும் ஒரு படத்தை இங்கு எடுக்க எந்த முதலாளியும் துணியவில்லை. சிங்கள இரசிகருக்கோ வேறு நாடு இல்லை. சிங்களப் படம் இங்குதான் வரவேண்டும். ஆகவே தமிழ்ப் பணம் சிங்களப் படத்தை நாடிற்று. ‘கடவுணு பொறொந்துவ’ வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1962இல் ‘சமுதாயம்’ என்ற முதலாவது இலங்கைத் தமிழ்ப் படம் 16 மில்லிமீற்றரில் வெளிவந்தது. அதை நெறியாண்டவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர்! முதற் சிங்களப் படத்துக்குத் தமிழ்த் தயாரிப்பாளர். முதல் இலங்கைத் தமிழ்ப் படத்துக்குச் சிங்கள நெறியாளர். இந்தச் சமன்பாட்டை எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை என்பதுதான் இதன் சிறப்பு.

திரைக்கு முன்னரே மேடையில் இது நடந்திருக்கிறது. சிங்கள ‘நாடகம’ என்ற வடிவத்தின் பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். மன்னார், சிலாபம், நீர்கொழும்புக் கரையோரங்களிற் கத்தோலிக்கர் ஆடிவந்த தமிழ்க் கூத்து மரபிலிருந்து வளர்ந்தது அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிலிப்பு சிஞ்ஞோ என்ற கொல்லர் அதன் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். அதற்கு வாசிக்கப்படும் மத்தளத்தைச் சிங்களவர் ‘தெமள பெர’, அதாவது தமிழ் மேளம் என்று அழைப்பதும் உண்டு.

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர இந்த நாடகம வடிவத்தை எடுத்து, அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயின் துணையோடு, ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். அது 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்ற் அரங்கில் மேடையேறிற்று. நவீன சிங்கள நாடகத்தின் விடிவு என்று அதைப் போற்றுகிறார்கள். அந்த ஆண்டு எந்த ஆண்டு என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டு. ஜூன் மாதத்தில் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் செய்த தமிழர் தாக்கப்பட்டார்கள். நவம்பரில், தமிழ்க் கூத்தின் வழிவந்த ஒரு வடிவம் சிங்களத் தேசியக் கலையின் உச்சமாக முடிசூட்டப்பட்டது. இரண்டும் ஒரே நகரத்தில், ஐந்து மாத இடைவெளியில் நிகழ்ந்தன.

இதை முரண்பாடு என்று சொல்லி நகைப்பது எளிது. ஆனால் நடந்தது அத்துடன் முடியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தை மீட்டெடுக்கும் பணியில் இறங்கினார். சரச்சந்திரவின் வெற்றி அவருக்கு உந்துதலாக அமைந்தது என்பது நாடக வரலாறு எழுதியோர் பொதுவாக ஏற்கும் செய்தி. 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலிவதை’ ஆகியன வந்தன. மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, படித்தவர்களின் அரங்குக்கு ஏறிற்று. கிராமத்தவரின் பழைய ஆட்டம் என்று நம்மவரே ஒதுக்கி வைத்த ஒன்றை, அயலவர் மதித்த பின்னர் நாமும் மதிக்கக் கற்றுக்கொண்டோம் என்று சொன்னால் அது முற்றிலும் தவறாகாது. தமிழிடமிருந்து போனது, ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழையே தட்டி எழுப்பியது.

1956 டிசம்பரில் மற்றுமொரு நிகழ்ச்சி. தெஹிவளையிற் பிறந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வைத் திரைக்குத் தந்தார். கலையகச் சுவர்களை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலிலும் நிழலிலும் எடுக்கப்பட்ட படம். அதன் பின்னர் சிங்கள விமர்சகர்கள் ‘தென்னிந்திய வாய்பாடு’ என்று ஒன்றைக் கண்டிக்கத் தொடங்கினர். எட்டுப் பாட்டு, இரண்டு சண்டை, ஒரு கோமாளி என்ற சேர்மானத்தின் மீது அவர்கள் கொண்ட வெறுப்பு நியாயமானதே. ஆனால் ‘தென்னிந்தியம்’ என்ற சொல் சிலரது வாயில் மெல்ல மெல்லத் ‘தமிழ்’ என்ற பொருளைப் பெற்றது. கலை பற்றிய ஒரு தீர்ப்பு, இனம் பற்றிய தீர்ப்பாக வழுக்கி விழுந்தது.

இதே வேளையில் தமிழ் எழுத்துலகில் என்ன நடந்தது? 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் தேசிய இலக்கியம், மண்வாசனை என்று முழங்கினர். க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தபோது அந்தக் குரலுக்கு ஒரு பத்திரிகையே களமாயிற்று. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகள் நம் எழுத்தாளரை நசுக்குகின்றன, நம் வாழ்க்கையை நம் மொழியில் எழுதவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். ஆழ்ந்து நோக்கினால், சிங்களத் திரை விமர்சகரும் தமிழ் முற்போக்கு எழுத்தாளரும் ஒரே முறைப்பாட்டையே முன்வைத்தனர். கடலுக்கு அப்பாலிருந்து வரும் பெருஞ்சந்தை எங்களை எங்கள் முகத்தைப் பார்க்க விடவில்லை என்பதே அது. ஒரே நோய்க்கு இருவர் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்து மருந்து தேடினர். வேலியைத் தாண்டிப் பேசிக்கொண்டவர்கள் மிகச் சிலரே. எங்கள் பண்பாட்டு வரலாற்றில் கைநழுவிப்போன பெரிய வாய்ப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேசிக்கொண்ட இடமும் ஒன்று இருந்தது. அது வானொலி. கோமாளிகள் நால்வரின் கும்மாளத்தை வாரந்தோறும் காத்திருந்து கேட்ட நேயர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஸ். ராம்தாஸின் மரிக்கார், டி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர், எஸ். செல்வசேகரனின் உபாலி. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகிய நான்கும் ஒரு கூரையின் கீழ் ஒன்றையொன்று சீண்டிச் சிரித்தன. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. அந்தச் சிரிப்பில் இழிவு இல்லை. ஒருவரை ஒருவர் அன்றாடம் காணும் மனிதரின் நெருக்கமே இருந்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யும் அக்காலத்ததே. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது தமிழகமெங்கும் ஒலித்தது. ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன் என்பது தெரியாமலே தமிழகத்துப் பிள்ளைகள் அதைப் பாடினார்கள். மறுவருடம் ‘பைலட் பிரேம்நாத்’தில் சிவாஜியுடன் மாலினி பொன்சேகா நடித்தார்.

இத்தனையும் இருந்தும் 1983 ஜூலை வந்தது. ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. தமிழருக்குச் சொந்தமானது என்பதால் எரிந்தது. எரிந்தவற்றிற் சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் அடங்கும். சிங்களப் படங்களை நெறியாண்டு வந்த கே. வெங்கட் அந்த நாட்களிற் கொல்லப்பட்டார். குணரத்தினம் அந்தத் தீயையும் தாண்டித் தொழிலைத் தொடர்ந்தார். 1989இல், தென்னிலங்கையைக் கிளர்ச்சியும் அடக்குமுறையும் உலுக்கிய காலத்தில், அவரும் கொலையுண்டார். பாட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒருவரையொருவர் கொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு வரலாறு தந்த பதில் இது. ருக்மணி தேவியின் பாட்டை முணுமுணுத்தவனும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பான்.

இது நமக்கு மட்டும் உரிய அவலமன்று. 1947இல் நாடு பிரிந்தபோது பாடகி நூர்ஜஹான் பம்பாயை விட்டுப் பாகிஸ்தான் சென்றார். அவர் குரலை எல்லையின் இருபுறத்தாரும் விரும்பிக் கேட்டுக்கொண்டே போர்களை நடத்தினார்கள். கிரேக்கரும் துருக்கியரும் ஒரே நிழற்பாவைக் கோமாளியை ஆட்டுவித்துச் சிரித்துக்கொண்டே, அவன் யாருடையவன் என்று வழக்காடுகிறார்கள். பொதுக் கலை, அரசியல் செய்யவேண்டிய வேலையைச் செய்துதராது. சட்டத்தாலும் நீதியாலும் தீர்க்க வேண்டியதைப் பாட்டினால் தீர்த்துவிடலாம் என்பது, பாட்டின் மீது நாம் சுமத்தும் அநியாயமான பாரம்.

அப்படியானால் பொதுக் கலைக்கு என்ன பயன்? பயன் உண்டு. எங்களுடையது கலப்பற்றது, உங்களுடையது அந்நியமானது என்று யாரேனும் மேடையேறிக் கூறும்போது, அது பொய் என்று காட்டும் சாட்சி அது. சாட்சி கலகத்தைத் தடுக்காது. ஆனால் கலகம் ஓய்ந்த பின்னர் உண்மையைச் சொல்ல அது இருக்கவேண்டும். அதைச் சில கலைஞர்கள் உணர்ந்திருந்தார்கள். 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்திற் சென்று, காவலூர் ராஜதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’யை எடுத்தார். சீதனத்தையும் சாதியையும் நேருக்கு நேர் நோக்கிய தமிழ்ப் படம். வசூலில் அது வெற்றி பெறவில்லை. சென்னைப் படங்களில் ஊறிய நம்மவருக்கு அதன் நிதானம் பிடிக்கவில்லை. சிங்களவர் ஒருவர் காட்டிய நம் முகத்தை நாம் பார்க்க மறுத்தோம் என்பதும் கணக்கில் வரவேண்டும். 1979இல் சுனில் ஆரியரத்னவின் ‘சருங்கலய’வில் காமினி பொன்சேகா, கொழும்பில் எழுதுவினைஞராக வேலைபார்க்கும் யாழ்ப்பாணத்து நடராஜாவாக நடித்தார். போர் முடிந்த பின், 2012இல், அசோக ஹந்தகம ‘இனி அவன்’ என்ற தமிழ்ப் படத்தைத் தந்தார். முன்னாட் போராளி ஒருவன் ஊர் திரும்பும் கதை அது.

பகிர்வைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு “நாமெல்லோரும் ஒன்றே” என்று பாடுவதால் பயனில்லை. ஒன்றாக இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வதில்லை; வேறாக இருப்பவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார் என்ற கணக்கு நேர்மையாக எழுதப்பட்டால், அதிற் பெருமைக்கும் இடமுண்டு, நன்றிக்கும் இடமுண்டு. சிங்களத் திரையின் வரலாற்றை எழுதுவோர் நாயகத்தையும் ராசம்மாவையும் முத்துசாமியையும் அவரவர் பெயரோடு எழுதட்டும். தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் சரச்சந்திரவுக்கும், தமிழ்த் திரை வரலாற்றை எழுதுவோர் சந்திரவன்சவுக்கும் பத்திராஜவுக்கும் உரிய இடத்தைக் கொடுக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகள் இரு மொழிகளிலும் இதைப் படிக்கட்டும். எரிந்த சுருள்களை மீட்க முடியாது. அவற்றில் யார் யாருடைய உழைப்பு இருந்தது என்பதையாவது எழுதி வைக்க இன்னும் காலம் கடந்துவிடவில்லை.